சித்தி செய்த சுமைதாங்கி

நாகலாபுரத்திலிருந்து விளாத்திகுளம் போகிற சாலையில், எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் ஒரு சுமைதாங்கி உண்டு. இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியது. தலைச்சுமையோடு நடக்கிறவர்கள் யார் கையும் எதிர்பாராமல் பாரத்தை அதில் இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் பேரில் இப்படி ஒரு கல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் இறக்கிவைக்காமல் போன பாரத்தை, வழிப்போக்கர்கள் தங்கள் பாரத்தை வைத்து வைத்து இறக்கிவிடுவார்கள் என்று நம்பிக்கை. வீட்டு ஆட்கள் வைத்தால் சேராது என்பார்கள். முகம் தெரியாதவர்கள்தான் வைக்க வேண்டும். அந்தக் கல் என் அம்மாவுக்காக வைத்தது. செய்தவள் சித்தி, அம்மாவின் தங்கை.

சித்தி சென்னையில் தங்கிச் சிற்பம் படித்தவள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், "அம்மி கொத்தவா பிள்ள காலேசுக்குப் போன?" என்று கேட்காத ஆள் கிடையாது. அவளும் சளைத்தவள் இல்லை. "ஒங்க வீட்டு அம்மியக் கொண்டாங்க, மூக்கும் முழியும் வச்சுத் தாரேன்" என்பாள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி ஒருவர் வீட்டு வாசலுக்கு இரண்டு சிங்கம் கேட்டு ஆள் அனுப்பியபோது, "எனக்குச் சிங்கம் படியாதுன்னு அண்ணாச்சிட்ட சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மா இறந்துபோனாள். எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ பிறக்க வேண்டிய மாதம் அது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தமெல்லாம் கலைந்த பிறகும் சித்தி மட்டும் போகவில்லை. "அக்காவுக்கு நாந்தான் கல்லு செய்வேன்" என்றாள். கரிசலில் கல்லுக்கு எங்கே போவது? கழுகுமலைக்கு அந்தப் பக்கமிருந்து டிராக்டரில் வந்து இறங்கியது. களத்தில் பந்தல் போட்டு, வெயிலோடு வெயிலாகக் கொத்தினாள். மழைக்கு இளகிக் கோடைக்கு வெடிக்கிற மண் ஆயிற்றே என்று, அடியில் சுக்கான் பாறை தட்டுகிறவரை குழி தோண்டச் சொல்லி நட்டாள். கல் எழுந்து நின்றபோது ஊர் கண்ணை விரித்துப் பார்த்தது. ஒரு கால்கல் நேராக நின்றது. மற்றது, நிறைமாதக்காரி இடுப்பில் கைகொடுத்து நிற்பதுபோல் லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தது. மேல்கல் மேலே சமமாகவும் அடியில் புடைத்தும் இருந்தது. "என்ன பிள்ள, கோணலா நிக்கி" என்றார்கள். அப்பா மட்டும் மேல்கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "சும உருளாம இருந்தாச் சரி" என்றார். மறுநாளே யாரோ ஒரு அம்மா பருத்திப் பொதியை அதில் இறக்கி வைத்தாள். தூரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா, அவள் போகிறவரை அசையவில்லை.

அதன்பிறகு சித்தி எங்கெங்கோ போனாள். அவள் கல் டெல்லியில் நின்றது, வெளிநாட்டில் நின்றது. செய்தித்தாளில் வந்த அவள் படத்தை எங்கள் ஊர் டீக்கடையில் ஒட்டி வைத்தார்கள். அம்மி கொத்தவா என்று கேட்டவர்களே, "எங்க பிள்ளல்லா" என்று வெளியூர்க்காரர்களிடம் காட்டினார்கள். சென்னையில் ஓர் அருங்காட்சியகம், அவள் அதுவரை செய்ததையெல்லாம் ஒன்றாகத் திரட்டி மூன்று மாதம் காட்சிக்கு வைக்க முடிவு செய்தது. அதற்குச் சித்தி முதலில் கேட்டது சுமைதாங்கியை.

அப்பா முடியாது என்றார். சண்டை போடவில்லை, குரல்கூட உயரவில்லை. "அங்கன கண்ணால பாக்கத்தான ஆளு வரும்? பாரம் வைக்க யாரு வாரா? மூணு மாசம் ஒருத்தரும் வைக்காட்டா, அவ வயித்துச் சுமையோடல்லா நிக்கணும்?"

சித்தி அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "நான் செஞ்சதுல இது ஒண்ணுதான் அத்தான் சிற்பம். இது இல்லாம மத்ததக் காட்டுனா நான் பொய் சொன்ன மாதிரி. கயிறு கட்டாம, தொடாதேன்னு போர்டு வைக்காம நிறுத்தச் சொல்லுதேன். ஒரு நா பாருங்க. யாரும் வைக்கலன்னா அன்னைக்கே திருப்பிக் கொண்டாந்துருதேன்" என்றாள். அந்த ஒரு வாக்கில்தான் அப்பா இறங்கி வந்தார்.

திறப்பு நாளன்று நானும் அப்பாவும் போனோம். பெரிய கூடம், பளிங்குத் தரை. சித்தியின் கற்களுக்கு நடுவே எங்கள் கல். சொன்னதை மறந்து காவலர் சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார். சித்தி பட்டுச்சேலையோடு குனிந்து, தானே அவிழ்த்துச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய மனிதர்கள் வந்தார்கள், அழகாகப் பேசினார்கள். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லைச் சுற்றி வந்தார்கள். ஒருவர்கூடத் தொடவில்லை. அப்பா காலையிலிருந்து உட்காரவே இல்லை. சாயங்காலம் ஆக ஆகச் சித்தியின் முகமும் வாடத் தொடங்கியது.

கூடத்தை மூடப் போகிற நேரத்தில், வேனில் ஊர்சுற்ற வந்த ஒரு கூட்டம் வழிமாறி உள்ளே நுழைந்தது. அதில் ஒரு பெண், இடுப்பில் தூங்குகிற பிள்ளை, கையில் கட்டுச்சோற்றுப் பை. கல்லைப் பார்த்தாள். எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. நேரே வந்து பையை அதன்மேல் இறக்கிவைத்து, "அப்பாடா" என்று பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். காவலர் ஓடி வந்தார். சித்தி கையை நீட்டி மறித்தாள்.

"எங்க ஊரு ஏரிக்கரையிலயும் இப்படி ஒண்ணு இருக்குது. இது யாரு பேருக்கு வச்சது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

சித்தி அப்பாவைப் பார்த்தாள். அம்மா போனபிறகு அவள் பேரை அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குச் சொன்னார். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்தப் பெண் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு தன் கூட்டத்தைத் தேடிப் போனாள்.

சித்தி அழுதுகொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"சரி பிள்ள, இருக்கட்டும்" என்றார். "இங்கனயும் ஆளுக வாராவ."