அசை பிரித்துச் சொன்னவர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும், சனிக்கிழமைகளில் இத்தாலிய மொழி வகுப்புக்குப் போனேன். கனடாவில் நாங்கள் இருந்த ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும்; ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம். மற்றவர்கள் சுற்றுலாவுக்காகப் படித்தார்கள். நான் ஓர் ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுப்பதற்காகப் படித்தேன்.

கனடாவுக்கென்று புறப்பட்ட என் தம்பியை, காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் இத்தாலியில் விட்டுவிட்டான். கூட வந்தவர் ஒருவர் இங்கே வந்து சேர்ந்து, தம்பி கடும் காய்ச்சலோடு ஒரு துறைமுக நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று சொல்லி, நம்பரும் தந்தார். பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆங்கிலத்தில் கேட்டபோதெல்லாம் அந்தப் பக்கம் ரிசீவரை வைத்துவிட்டார்கள்.

வகுப்பு நடத்திய பெண் வினைச்சொற்களை அசை அசையாகப் பிரித்து மேசையில் தட்டிக் காட்டுவார். அழுத்தம் விழும் அசைக்குப் பலத்த தட்டு. பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசை என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நான் எல்லாச் சொற்களையும் அப்படியே சொன்னேன். ‘செர்-கோ’, தேடுகிறேன்: சரி. ‘செர்-க-னோ’, தேடுகிறார்கள்: பிழை. தேடுகிறவர்கள் பலரானாலும் அழுத்தம் முதல் அசையை விட்டு நகராதாம். எல்லா அசையையும் ஒரே பாரத்தில் சொல்லிப் பழகிய என் நாக்கு அதற்கு மசியவில்லை. வீட்டிலும் தட்டித் தட்டிச் சொன்னேன்.

“உதென்ன அத்தான், மேசையிலை மிருதங்கமே?” என்றாள் தம்பியின் மனைவி. அவனுக்கு முந்தியே வந்து சேர்ந்து எங்களோடுதான் இருந்தாள். காலையில் கண்ணாடிக்கு முன்னால் பொட்டோடு அவள் விரல் சிலவேளை அப்படியே நின்றுவிடும்.

தானே எடுத்துக் கேட்கட்டுமா என்று ஆசிரியை கேட்டதை அவளிடம் சொன்னேன்.

“வேண்டாம். நல்லதோ கெட்டதோ, எங்கடை ஆள்தான் கேக்கவேணும்.”

கேள்வியைப் பாடமாக்கினேன். பதிலாக வரக்கூடிய இரண்டு சொற்களையும் பாடமாக்கினேன். ‘வீ-வோ’ என்றால் உயிரோடு. ‘மோர்-தோ’ என்றால் இல்லை.

ஒரு நாள் காலையில் ரெலிபோன் எடுத்தேன். அவள் பக்கத்தில் நின்றாள். ஆண் குரல் ஒன்று வந்தது. ஒவ்வொரு அசையாக, அழுத்தம் பிசகாமல், தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் வைத்துவிடவில்லை. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. என் பேச்சிலிருந்து என் இத்தாலிய மொழியின் அளவைக் கண்டுகொண்டிருக்க வேண்டும். குழந்தைக்குச் சொல்வதுபோல அவரும் அசை பிரித்துச் சொன்னார். மனிதர் நல்லவர். விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லாமற் போய்விட்டது.

“என்னவாம்?”

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவளுடைய பொட்டைப் பார்த்தேன்.

“பிழையா விளங்கியிருப்பியள். இன்னொருக்காக் கேளுங்கோ அத்தான்.”

கேட்டேன். அவள் ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டாள். அவர் பொறுமையாக, இன்னும் மெதுவாக, திரும்பவும் சொன்னார்.