ஆனியிலேயே கிளம்பிய பெட்டி

எங்கள் டிரங்குப் பெட்டி ஆனி மாதக் கடைசியிலேயே பினாங்குக்குப் புறப்பட்டுவிட்டது. நானும் மாமியாரும் புறப்பட்டது ஆடி பதினெட்டு அன்று. நடுவில் இருந்த அத்தனை நாளும் அந்தப் பெட்டி காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், மாமியாரின் ஓரகத்தி வீட்டுக் கூடத்தில் குந்தியிருந்தது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

மலாயா சுதந்திரம் வாங்கி இரண்டொரு வருஷம் ஆகியிருந்த சமயம். என் வீட்டுக்காரர் பினாங்கில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். கல்யாணம் முடிந்து பதினோராம் நாள் கப்பலேறியவர்தான், அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் எங்கள் குடும்பம் முழுக்கக் கடிதத்தில் நடந்தது. கடைசியில் எனக்கு பெர்மிட் வந்தது. வந்ததும் வராததுமாய் அதில் கெடுவும் போட்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து ஆடி மாதம் கிளம்பும் கப்பலை விட்டால், அடுத்த கப்பல் பினாங்கு போய்ச் சேருவதற்குள் கெடு தாண்டிவிடும். அப்புறம் மறுபடி மனு, மறுபடி பதிலுக்குக் காத்திருப்பு. அப்படி நாலு வருஷம் காத்துக் கிடந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

ஆனால் ஆடியில் மருமகளை மகனிடம் கூட்டிக்கொண்டு போவார்களா? மாட்டவே மாட்டேன் என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். "கப்பல்காரனுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது அத்தை!" என்று நான் கத்தினேன். எனக்கு அப்போதெல்லாம் சுருக்கென்று கோபம் வரும். இப்போதும் வரும், ஆனால் கேட்கத்தான் ஆளில்லை.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அத்தையே வழி கண்டுபிடித்தார். பரஸ்தானம். ஆகாத நாளில் பயணம் போக வேண்டியவர்கள், முன்னதாக ஒரு நல்ல நாள் பார்த்து, தங்கள் சாமான் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு தோதுப்பட்ட நாளில் போய் அதை எடுத்துக்கொண்டு அப்படியே நடையைக் கட்டலாம். சாமான் மறுபடி வீட்டுப் படியேறக் கூடாது. பயணம் போகிறவர்களே நேரில் போய் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

எங்கள் வீடு சிந்தாமணியில், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். எதிர்வீட்டிலேயே வைக்கலாமே என்றேன்.

"கடலைத் தாண்டிப் போறவங்க பெட்டி ஆத்தையாவது தாண்ட வேணாமாடி?" என்றார் அத்தை.

சரி, தாண்டட்டும். அத்தோடு விட்டாரா? இரண்டு பேர் பாஸ்போர்ட், பெர்மிட், கப்பல் டிக்கெட் எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "துணிமணி மட்டும் போனா பெட்டி கெளம்பினதாத்தான் அர்த்தம். பாஸ்போர்ட்டும் போனாத்தான் நாம கெளம்பினதா அர்த்தம்." உண்மையைச் சொன்னால், எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆடி பதினெட்டாம் நாள் பகல் ஒரு மணிக்கு ஜங்ஷனில் ரயில். மறுநாள் காலையில் நாகையில் கப்பல். என் அண்ணன் படுக்கைச் சுருட்டையும் ஊறுகாய் ஜாடிகளையும் தூக்கிக்கொண்டு நேரே ஜங்ஷனுக்குப் போய் இடம் பிடித்து வைப்பதாக ஏற்பாடு. நானும் அத்தையும் காலை பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அன்றைக்கு ஆடிப்பெருக்கு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பஸ் ஓடாது என்பதுதான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"பாலம் பூரா ஜனம்தாங்கம்மா. பஸ்ஸெல்லாம் சாயங்காலத்துக்கு மேலதான்," என்றார் சத்திரம் ஸ்டாண்டில் நின்ற கண்டக்டர், பல் குத்திக்கொண்டே. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்தும் அந்த நேரத்துக்கு வண்டி கிடையாது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்லா வச்சீங்க பரஸ்தானம்!" என்று நடுரோட்டில் நின்று அத்தையைச் சாடினேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று பாலத்தைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

போகும்போது கஷ்டமே இல்லை. ஜனமே எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. கீழே காவிரி செக்கச்செவேல் என்று இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பானையும் பூவும் மஞ்சளுமாகப் பெண்கள், சின்னச் சப்பரங்களை இழுத்துக்கொண்டு குழந்தைகள். அவ்வளவு ஆத்திரத்திலும் எனக்கு ஒரு பக்கம் குதியாட்டமாகத்தான் இருந்தது. ஊரே எனக்காகத் திரண்டு வந்து வழியனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபது வயசு!

ஓரகத்தி வீட்டில் சும்மா விடுவார்களா? எனக்குப் புது மஞ்சள் கயிறு கட்டி, சித்ரான்னம் வைத்து, "ஒரு வாய் சாப்பிட்டாத்தான் பெட்டிய எடுக்க விடுவேன்" என்று வாசலை மறித்துக்கொண்டார் அந்த அம்மாள். தேங்காய்ச் சாதத்தை நான் மெல்லவே இல்லை, அப்படியே விழுங்கினேன். ஓர் ஆளைப் பிடித்துப் பெட்டியை அவர் தலையில் ஏற்றி வெளியே வந்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. வந்த கூட்டத்துக்கு எதிர்த்திசையில், தலைமேல் டிரங்குப் பெட்டியோடு பாலத்தில் போவது நடக்காத காரியம். பெட்டி தூக்கின ஆள்தான் சொன்னார்: "அம்மாமண்டபத்துக்கு மேக்கால பரிசல் போகுதுங்க. அக்கரை ஓடத்துறையில எறக்கி வுட்ருவாங்க."

பரிசல் துறையிலும் வரிசைதான். இருந்தது ஒரே பரிசல், அதில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர். பரிசல்காரர் பெட்டியைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

"இது ரெண்டு ஆள் பாரம் இருக்கும்மா. தண்ணி இழுக்குது. பொட்டியோட ஒருத்தர்தான் ஏறலாம். இன்னொருத்தர் அடுத்த நடைக்கு வாங்க."

"அடுத்த நடை எப்போங்க?"

"அக்கரையில ஆள எறக்கிட்டு, கரையோட மேக்க இழுத்துட்டுப் போயித்தான் திரும்பணும். நேரம் புடிக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என்னைத் தோளைப் பிடித்துப் பரிசலுக்குள் தள்ளிவிட்டார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என் கையில் திணித்தார். "நீ போ. எனக்காக நிக்காதே. வண்டியப் புடிச்சு ஜங்ஷனுக்குப் போயிடு. நான் வந்தா வரேன், இல்லேன்னா அடுத்த கப்பல்ல வரேன்."

பரிசல் கரையை விட்டுச் சுழன்றது. அக்கரை மலைக்கோட்டையும் இக்கரைக் கூட்டமும் மாறி மாறி என் முன்னால் வந்தன. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தையும் கூட வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்தே எனக்குள் ஒரு முணுமுணுப்பு. வீட்டுக்காரரோடு பதினோரு நாள் வாழ்ந்தவள் நான். முதல் இரண்டு மாதமாவது அவரும் நானும் தனியாக இருக்கக் கூடாதா? கப்பலில் துணைக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வரத்தான் போகிறது. அத்தையின் பெர்மிட்டோ எனக்குப் பின்னால் வந்தது, அதன் கெடுவுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் கேட்காமலே காவிரி கொடுத்துவிட்டது என்று பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஓடத்துறையில் இறங்கினேன். பரிசல்காரர் பெட்டியைக் கரையேற்றிக் கொடுத்தார். மேலே குதிரை வண்டிகள் நின்றன. ஒரு வண்டிக்காரர் இறங்கி வந்து, "ஜங்ஷனாம்மா? ஒரு மணி வண்டிக்குன்னா இப்பவே ஏறுங்க," என்றார். மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

"கொஞ்சம் இருங்க," என்றேன். பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

ஏன் உட்கார்ந்தேன்? பெட்டியைத் திறந்து அத்தையின் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பரிசல்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். அது அப்போதே புத்தியில் பட்டது. சாவி கையிலேயே இருந்தது. வண்டிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார், மூன்றாம் தடவை தலையில் அடித்துக்கொண்டார். பரிசல் கரையோரமாக மேற்கே ஊர்ந்து, ஆற்றைக் கடந்து, அந்தப் பக்கக் கூட்டத்தில் மறைந்துபோனது. கப்பல் போச்சு, பெர்மிட் போச்சு, நாலு வருஷம், நாலு வருஷம் என்று உள்ளுக்குள் ஒன்று கத்தியது. நான் எழுந்திருக்கவில்லை.

அத்தை பரிசலில் நின்றுகொண்டே வந்தார். உட்காரச் சொல்லிப் பரிசல்காரர் திட்டுவது கரைக்கே கேட்டது. முழங்கால் தண்ணீரில் குதித்து இறங்கி ஓடிவந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அடிப்பாவி! உன்னை யாருடி இங்க உக்காரச் சொன்னது? ரயில் போயிருந்தா என்னடி பண்ணுவே?"

"திட்டுறதை வண்டியில வச்சுக்கலாம், ஏறுங்க அத்தை!" என்று நானும் கத்தினேன்.

அந்த வண்டிக்காரரைப்போல் யாரும் குதிரையை விரட்டி நான் பார்த்ததில்லை. சந்தைக்காரர்கள் எல்லாம் ஒதுங்கி வசைபாடினார்கள். ஜங்ஷனுக்குள் நுழையும்போது முதல் மணி அடித்துவிட்டது. அண்ணன் ரயில் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தான். போர்ட்டர் டிரங்கை உள்ளே தள்ளினார், அண்ணன் எங்களைத் தள்ளினான், ரயில் நகர்ந்தது. நான் ஜன்னலில் தலையை நீட்டி "ஊய்!" என்று கூவினேன். கல்யாணமான பெண் செய்கிற காரியமா அது? செய்தேன்.

பொன்மலை தாண்டியபிறகுதான் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. அத்தை புடவைக் கொசுவத்தைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கெடு உனக்குத்தானேடி. எனக்கு மூணு மாசம் கெடக்கு. அதோட..."

"அதோட?"

"நீ தனியாப் போகணும்னு ஆசைப்பட்டே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?"

எனக்கு முகம் எரிந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமா அத்தை," என்றேன்.

"அப்புறம் எதுக்குடி அங்கேயே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தே? அம்மா எங்கேன்னு அவன் கேப்பானேன்னு பயந்தியா?"

"அவர் ஞாபகமே வரலை அத்தை."

அது சத்தியம். ஒன்றரை வருஷமாக ஒரு நாழிகைகூட மறக்காத அவரை அந்தத் துறையில் நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்த பரிசலில் அத்தையின் தலை தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.