மூன்று குரலும் ஒன்றான நாள்

என்னிடம் ஒரே பாட்டு மூன்று குரலில் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப்புக்கு மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த பழைய ஜாஸ் பாட்டு. பிரிந்து கிளம்புகிறவனிடம், மழை விட்டதும் போ என்று சொல்கிற பாட்டு. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் பாடும் இளம்பெண் தாளத்துக்குச் சற்றுப் பின்னாலேயே வருவாள். அவன் எப்படியும் நிற்பான் என்ற தெம்பு அவளுக்கு. இரண்டாவது ஒரு ஆண். ஒப்புக்குப் பாடிவிட்டுப் போவான், எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. மூன்றாவது ஒரு கிழவி. 'போ' என்று சொல்லுமுன் மூச்சை ஒருமுறை இழுப்பாள். அந்த மூச்சுக்காகவே கம்பெனி பஸ்ஸில் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன்.

போன வருடம் அந்த மூச்சு காணாமல் போனது. ஹெட்போன் கோளாறு என்று இரண்டு முறை மாற்றினேன்.

பிரஸ் ஷாப்பில் இயர் பிளக் எங்கள் கழுத்தில்தான் தொங்கும். காதை அடைத்தால் மெஷின் சத்தம் மாறுவது தெரியாது என்று பெரிய மேதாவி மாதிரி நானே சொல்லியிருக்கிறேன். வருடாந்தரக் காது டெஸ்ட்டுக்கும் ஒரு வழி வைத்திருந்தோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனில் சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். டெக்னீஷியன் பட்டனை அழுத்தும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தோள் லேசாக அசையும். அதைப் பார்த்துக் கையைத் தூக்கினால் பாஸ். ஃபெயிலானால் வேலை போய்விடுமே என்ற பயம். பாஸான அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இப்படியும் ஒரு முட்டாள் உண்டா!

ஒரு ஞாயிறு மதியம் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தக் கெயவி எப்டிக் கெஞ்சறா கேளு."

"கெயவியா? இது சின்னப் பொண்ணுங்க. கெயவி பாடி முடிச்சி, மறுபடி மொதல்லேந்து ஆரம்பிச்சி எவ்ளோ நேரமாவுது!" என்றாள்.

கிழவியை மறுபடி போடச் சொன்னேன். போனில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். தூரத்தில் மோட்டார் ஓடுவது போல ஏதோ ஒன்று ஓடியது. அதில் கிழவியும் இல்லை, குமரியும் இல்லை.

"மூச்சு இழுக்கறாளா?"

"இழுக்கறாங்க. யாருமே இல்லாத ஊட்ல தனியா பேசிக்கினு கீறா மாதிரி கீது."

இந்தப் பாட்டைக் கேட்டாலே எழுந்து போகிறவள் அவள். அவள் வாயால் அந்த மூச்சைக் கேட்டதும் அடக்க முடியாமல் அழுதேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வையேன்" என்றேன்.

அவள் போனை என் முகத்துக்கு நேரே திருப்பினாள். சத்தம் கடைசிக் கோடு வரை ஏறியிருந்தது.