தோற்றவன் பெயரையும் அச்சிட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு மிக்சியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கல்லூரியிலிருந்து போன் வந்தது. பேராசிரியர் உமையாள் மாரடைப்பால் காலமானார் என்றார்கள். கையிலிருந்த திருகாணி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

நான் புதுக்கோட்டையில் மின்சாதனங்கள் பழுதுபார்ப்பவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. கணினி நிரல் எழுத நானே கற்றுக்கொண்டேன். நான்குக்கு நான்கு சட்டத்தில் பதினைந்து எண் கட்டைகளை, ஒற்றைக் காலியிடத்தின் வழியே நகர்த்தி வரிசையாக்கும் விளையாட்டுக்கு ஒரு வழிமுறையை நோட்டில் எழுதியிருந்தேன். அதோடு படியேறிய கல்லூரிகளிலெல்லாம் என் பட்டத்தைத்தான் கேட்டார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "நோட்டக் குடுங்கண்ணே" என்றவர் உமையாள் ஒருவரே.

திருமயம் பக்கத்து வணிகக் குடும்பத்தவர். உறவெல்லாம் சென்னைக்குப் போன பிறகும் இங்கேயே கற்பித்தார். கணினி ஒரு சிக்கலுக்கு எப்படி வழி தேடுகிறது என்பது அவர் ஆய்வு. கட்டை விளையாட்டுதான் அதற்கு உரைகல். "சின்னதாத் தெரியும்ணே. உள்ள எறங்குனா மெஷினே திக்குமுக்காடும்" என்பார்.

அவர் முறையையும் என் முறையையும் ஒரே கட்டைப் பலகைகளில் ஓடவிடுவதென்று முடிவாயிற்று. பலகைகளை நான் கலைத்துக் கொண்டுபோனேன்; எண்களின் வரிசையைக் கணினியில் ஏற்றினோம். முதல் பலகையிலேயே இரண்டும் முடிவின்றி ஓடின.

"ஒங்க மெஷின் பழசு மேடம்."

"எப்படிண்ணே கலைச்சீங்க?"

"ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுத்து மாத்திப் போட்டேன்."

சிரித்து முடிக்க அவருக்கு நேரமாயிற்று. "ரிப்பேர்க்காரர் புத்தி போகுமா! நெம்பி மாத்துனா பாதிக்குப் பாதி தீரவே தீராது. நகத்தித்தான் கலைக்கணும்."

அப்படியே கலைத்தோம். என் முறை சட்டென்று முடித்தது; ஆனால் எல்லாப் பலகையிலும் அவர் முறையைவிட நகர்வுகள் அதிகம். குறைந்த நகர்வுதான் போட்டி. தோற்றேன். அதை மறைக்காமல் அவர் தன் ஆய்வுக் கட்டுரையில் எழுதி, என் முறைக்கு என் பெயரையே வைத்துவிட்டார்.

மூன்று மாதம் நான் அவரோடு பேசவில்லை. கடைக்கே வந்தார்.

"கோவமாண்ணே?"

"தோத்ததுக்கா எம் பேரு? ஊர் சிரிக்கவா?"

"இத்தன நாளும் ஒங்களத் தோக்கக்கூட யாரும் விடலையேண்ணே. தோத்தாலும் அது ஒரு முறை. அதுக்குப் பேரு வேணாமா?"

அயர்ன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகும், நகர்வை எண்ணியது தப்பு, நேரத்தை எண்ணியிருக்க வேண்டும் என்று பத்து வருடம் வாதாடினேன். ஒருநாளும் அவர் சலிக்கவில்லை. "வாங்க, இன்னைக்கு என்ன புதுசா?" என்று டீயை நகர்த்தி வைப்பார்.

அவர் உடலருகே நின்றபோது, சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "சார் எந்தக் காலேஜ்?" என்று கேட்டார்.

"அவங்ககிட்டத் தோத்தவன்" என்றேன்.

நகர்வை எண்ணியதுதான் சரி, மேடம். போய் வாருங்கள்.