அஞ்சு கட்டையில் ஒரு பாட்டு

1. மூன்று ஜி

ஒரே சுரத்தை வாசிக்கச் சொன்னேன். மூன்று சுரம் கேட்டது. நான் இசையமைத்த முதல் சினிமாப் பாட்டின் முதல் ஒத்திகை அப்படித்தான் ஆரம்பித்தது. இடம், ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு கல்யாணச் சத்திரம். எங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் படத்தின் முதலாளி. உறையூரில் சுருட்டுக் கம்பெனி வைத்திருந்தார். படம் எடுப்பதும் சுருட்டு சுற்றுவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான் என்பது அவருடைய எண்ணம்.

அவருடைய மெட்ராஸ் மியூசிக் டைரக்டர் பாதிப் படத்தில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பாக்கி ஒரு பாட்டு இருந்தது. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கல்யாண விருந்துக்கு வந்தவர், நான் ட்ரம்பெட் ஊதுவதைக் கேட்டுவிட்டு, மெட்டுப் போட வருமா என்று விசாரித்தார். வரும் என்றேன். அதுவரை மெட்டே போட்டதில்லை என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். சனிக்கிழமை சாயங்காலமானால் இன்ஸ்டிட்யூட் டான்ஸ் பேண்டில் ட்ரம்பெட். பேண்டு மாஸ்டர் டெஸ்மண்ட், மெயில் வண்டி கார்டு, ஆங்கிலோ-இந்தியர், சாக்ஸபோன் வாசிப்பார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி அமெரிக்காவிலிருந்து ரெக்கார்டுகள் கொண்டுவருவார். கறுப்பின மக்களின் சர்ச்சில் பிறந்து பிறகு கிளப்புக்குள் வந்த பாட்டு அது. பின்னால் அதற்கு ஸோல் என்று பெயர் வந்தது. அப்போது எங்களுக்கு ‘டெஸ்மண்ட் வீட்டு ரெக்கார்டு’, அவ்வளவுதான். ஒருத்தி ஒரு வரி பாடுவாள், பின்னால் இருக்கும் கூட்டம் பதில் பாடும். அவள் கேட்பாள், அவர்கள் தாங்குவார்கள். முதல் தடவை கேட்டபோது அழுதேன் என்றே சொல்லலாம். அதில் என்ன வெட்கம்.

கூர்ந்து கேட்டால் புதிதாகவும் இல்லை. பாலக்கரை மாதா கோவிலில் மன்றாட்டு மாலையில் சாமியார் ஒரு புனிதர் பெயரைச் சொல்ல, நாங்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்போம். ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கத்து மார்கழி பஜனையிலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இந்த மூன்றும் ஒரே பாட்டில் சேரும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் நான் விடமாட்டேன். என் மனைவி இதைப் பிடிவாதம் என்பாள்.

முதலாளி சொன்ன காட்சி அதற்கென்றே வாய்த்தது. கொள்ளிடத்தில் வெள்ளம். ரயில் பாதை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. மனைவி கரையில் நின்று “வருவாரோ” என்று பாடுகிறாள். ரயில்வே லைன் வீடுகளில் குடியிருக்கும் மற்றப் பெண்கள் “வருவார்” என்று பதில் பாடுகிறார்கள். கடைசியில் பதில் சொல்கிறவர்களுக்கே நம்பிக்கை போய்விட, “வருவார்” என்று அவளே அவர்களுக்குச் சொல்கிறாள். மெட்டு முழுதாக எனக்குள் இருந்தது.

பாடுவதற்கு எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் கிளார்க் ஒருவரின் மனைவி கிடைத்தார். பெயர் செண்பகவல்லி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், ஸ்ரீரங்கத்தில் பஜனை கோஷ்டிக்கு எடுத்துக் கொடுப்பவர். “எனக்குச் சுருதி அஞ்சு கட்டை” என்றார். நான் பேண்டு பக்கம் திரும்பி, “அஞ்சு கட்டைன்னா இங்கிலீஷ் கணக்குல ஜி. எல்லாரும் ஜி பிடிங்க” என்றேன்.

இங்கேதான் வந்தது வினை. ஆர்மோனியக்காரர் ஜி பிடித்தார், அது அஞ்சு கட்டை. ட்ரம்பெட்டுக்கும் ஜி உண்டு, ஆனால் அது காதில் விழுவது நாலு கட்டையாக. டெஸ்மண்டின் சாக்ஸபோனில் அதே ஜி ஆறரைக் கட்டை. அந்த வாத்தியங்களின் வார்ப்பு அப்படி. பேண்டில் எங்களுக்குச் சீமையிலிருந்து அச்சடித்த தாள் வரும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கணக்கை மாற்றியே எழுதியிருப்பார்கள். நாங்கள் தாளைப் பார்த்து ஊதியவர்கள். சொந்தமாகப் பெயர் சொல்லி வாசித்தது அன்றுதான்.

முதலாளி காதைக் குடைந்துகொண்டார். “தம்பி, சந்தையில மாடு கத்துற மாதிரி இருக்கு. எதுக்கு வம்பு? பம்பாய்ப் படத்து ரெக்கார்டு ஒண்ணு வச்சிருக்கேன். அந்த மெட்டுக்கு வார்த்தை போட்டுட்டா வேலை முடிஞ்சுது” என்றார். அந்தக் காலத்தில் பாதிப் படங்களுக்கு அப்படித்தான் வேலை முடிந்தது.

எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. நாளைச் சாயங்காலம் வரை பொறுங்கள், சரிவரவில்லை என்றால் நானே அந்த ரெக்கார்டைக் கேட்டுக் காப்பியடித்துத் தருகிறேன் என்றேன். அவர் யோசித்தார். எல்லோரும் கிளம்பப் பார்த்தார்கள். செண்பகவல்லி டீச்சர் மட்டும் தம்பூராவை விட்டு எழுந்திருக்கவில்லை.

“நான் அஞ்சு கட்டையிலேயே உக்காந்திண்டிருக்கேன். நீங்கள்லாம் மெதுவா வந்து சேருங்கோ” என்றார்.

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாளைச் சாயங்காலம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. கட்டை என்றே சொல்

மறுநாள் ஒர்க்ஷாப்புக்கு லீவு. பேண்டு ஆட்களை ஒவ்வொருவராக டீச்சரின் தம்பூராவுக்கு முன்னால் உட்கார வைத்தேன். ஏ, பி, சி என்று எவனாவது வாயைத் திறந்தால் எழுந்து போகலாம் என்றேன். அஞ்சு கட்டை உன் வாத்தியத்தில் எங்கே இருக்கிறது என்று காதால் தேடிப் பிடி, பிடித்ததும் அதற்கு ‘ஸ’ என்று பெயர், மற்றதெல்லாம் அதிலிருந்து. ட்ரம்பெட்டில் அது ஏ-யில் அகப்பட்டது, சாக்ஸபோனில் ஈ-யில். டெஸ்மண்ட் என்னைவிட மூத்தவர், எனக்கு ட்ரம்பெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவரையும் அப்படித்தான் உட்கார வைத்தேன். முகம் சிவந்தாலும் உட்கார்ந்தார்.

பிற்பாடு எத்தனையோ ரெக்கார்டிங் தியேட்டர்களில் வேலை பார்த்தேன். பெரிய பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைத்து நடத்தினேன். என் கச்சேரியில் ஜி என்ற சொல் கிடையாது, கட்டைதான். மெட்ராஸ் வயலின்காரர்கள் என்னைக் ‘கட்டை மாஸ்டர்’ என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் பாட்டு சுருதியில் வந்து நின்றது. டீச்சர் “வருவாரோ” என்று இழுத்து விட, பின்னால் அவருடைய பஜனை கோஷ்டிப் பெண்கள் “வருவார்” என்றார்கள். அந்த இழுப்பின் அடியில் சாக்ஸபோன் மெதுவாகப் புகுந்தது. முதலாளி கையிலிருந்த சுருட்டு அணைந்துபோனதை அவர் கவனிக்கவில்லை. நல்லாத்தான் இருக்கு என்றார். கோடம்பாக்கத்துக்குப் போய் ரெக்கார்டு செய்து வந்தோம்.

3. காணாமல் போன பாட்டு

படம் திருச்சியில் வெளியான அன்று ஒர்க்ஷாப்பில் என் செக்‌ஷன் ஆட்கள் கூட்டமாக மாட்னிக்கு வந்தார்கள். நான் மனைவியோடு அவர்களுக்குப் பின்வரிசையில். டீச்சரும் கணவரும் டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். வெள்ளக் காட்சி வந்தது. அவள் கரையில் நின்றாள். அடுத்த காட்சியில் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை.

எனக்கு முதலில் புரியவில்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்வையைத் திரையிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு மனிதனை ஊர் கூட்டி வைத்து அறைவது என்பார்களே, அது எனக்கு அன்று நடந்தது. வெளியே வந்ததும் டீச்சர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேரே உறையூருக்குப் போனேன். முதலாளி ஒளிக்கவில்லை. விநியோகஸ்தர்கள், அழுமூஞ்சிப் பாட்டு, மாதா கோவில் பாட்டு மாதிரி இருக்கிறது, ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றார்களாம். சரி என்று வெட்டிவிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

“நீ மெட்டுப் போட்டவன் தம்பி. படம் யாருதோ அவன்தான் வெட்டுவான். வெட்டக்கூடாதுன்னா நீ படம் எடு” என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். படம் எடு என்றதை நான் எனக்கிட்ட வேலையாக எடுத்துக்கொண்டேன். அந்தப் பாட்டை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்கு அது வெட்டிப்போட்ட துண்டுதானே, தந்துவிட்டார்.

4. சொந்தப் படம்

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம், கிடைத்த படத்துக்கெல்லாம் மெட்டுப் போட்டேன். காமெடிப் பாட்டு, தாலாட்டு, கிளப் டான்ஸ், எதையும் விடவில்லை. பம்பாய் மெட்டைக் காப்பியடிக்கச் சொன்னால் மட்டும் எழுந்துவிடுவேன். அதனால் போன படங்கள் உண்டு. வீட்டில் அரிசிக்குத் திண்டாடிய மாதங்களும் உண்டு. என் மனைவி அவற்றை என்னைவிட நன்றாகச் சொல்வாள். ஒரு படம் எடுப்பது எப்படி என்று எடிட்டிங் ரூமிலும் விநியோகஸ்தர் ஆபீஸிலும் நின்று நின்று கற்றேன்.

கடைசியில் பாலக்கரை வீட்டை அடகு வைத்துப் படம் ஆரம்பித்தேன். கதையை அந்தப் பாட்டுக்காகவே எழுத வைத்தேன். கொள்ளிடத்து மணலிலும் பொன்மலைக் குடியிருப்பிலுமே பெரும்பாலும் ஷூட்டிங். டீச்சரையே மறுபடி பாட வைத்தேன். குரல் சற்றுக் கனத்திருந்தது, அது இன்னும் பொருத்தமாகவே இருந்தது. பாட்டுக்கு முன்னால் ஒரு நீண்ட ட்ரம்பெட் சேர்த்தேன். வெறும் ஆறு, வெறும் மணல், அதன்மேல் ட்ரம்பெட் மட்டும். நானே ஊதினேன். நான் ஊதியதிலேயே அதுதான் உயர்ந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். எடிட்டர் நீளம் என்றார். படம் யாருடையது என்று கேட்டேன். கத்தரியைக் கீழே வைத்தார்.

5. வெட்டு

வெளியான அன்று திருச்சி தியேட்டரில் பக்கவாட்டுக் கதவருகே நின்று பார்த்தேன். ஆறு வந்தது, ட்ரம்பெட் தொடங்கியது. தரை டிக்கெட்டில் ஒருவன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். பிறகு வரிசையாக எழுந்து, மடியில் பீடியைத் தேடிக்கொண்டே என்னை இடித்துக்கொண்டு வெளியே போனார்கள். டீச்சரின் குரல் எழும்போது பாதித் தரை காலி. விநியோகஸ்தர்கள் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடகில் இருந்த வீடு கண்முன் வந்தது.

ஆனால் வெளியே போன ஒருவன், குரல் கேட்டதும் கதவுத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். பீடி பற்றவைத்தாகிவிட்டது, உள்ளே வர முடியாது. திரையைப் பிடித்தபடி பாட்டு முடியும் வரை அங்கேயே நின்றான். அடுத்த ஆட்டத்தையும் நின்று பார்த்தேன். அதேபோல ட்ரம்பெட்டுக்கு எழுந்தார்கள். குரலுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டை யாரும் வெறுக்கவில்லை. பாட்டு வருவதற்குள் நான் அவர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஆபரேட்டர் கேபினுக்குப் போனேன். ஆபரேட்டர் சுப்பையா, எதை வெட்ட வேண்டும், பாட்டையா என்று சலிப்போடு கேட்டார். எல்லாத் தயாரிப்பாளர்களும் முதல் வாரம் அதற்குத்தான் மாடி ஏறுவார்களாம். பாட்டை இல்லை, அதற்கு முந்தினதை என்றேன்.

“அது நீங்க ஊதுனதாச்சுங்களே” என்றார்.

ரீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பிலிமின் ஓரத்தில் ஒலி ஒரு நெளிகோடாக ஓடும். படத்துக்கு உரிய ஒலி அந்தப் படத்துக்கு நேராக இருக்காது, கொஞ்சம் முன்னதாகவே போகும். படத்தைப் பார்த்து வெட்டினால் பாடுகிறவளின் முதல் சொல்லைக் கத்தரி தின்றுவிடும். அதனால் நெளிகோட்டைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். என் மூச்சு எங்கே முடிகிறது, டீச்சரின் குரல் எங்கே எழுகிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். சுப்பையா வெட்டி, சுரண்டி, பிலிம் சிமெண்டு தடவி ஒட்டினார். எனக்கு அழுகை வந்தது. வந்தாலும் விரலை எடுக்கவில்லை.

அன்று மாட்னியில் ஆறு வந்ததும் “வருவாரோ” என்று குரலே வந்தது. எழுந்தவன் ஒருவன், பாதி எழுந்தபடியே நின்று, பின்னால் இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுக்க உட்கார்ந்தான். மூன்றாவது தடவை அவள் கேட்டபோது தரை டிக்கெட்டில் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ “வருவார்” என்றார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். உங்கள் பாட்டுக்காக யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நில்லுங்கள். அந்தச் சண்டையில் தோற்றால் மறுபடி நில்லுங்கள். ஆனால் பாட்டுக்கும் கேட்பவருக்கும் நடுவில் ஒருநாள் நீங்களே நிற்பீர்கள். அன்றைக்கு நகர்ந்துகொள்ளுங்கள்.

அந்த மாட்னி முடிந்ததும் தந்தி ஆபீஸுக்குப் போனேன். தஞ்சாவூர், கும்பகோணம், மதுரை என்று படம் ஓடிய ஊர்களுக்கெல்லாம், ட்ரம்பெட்டை வெட்டவும், பாட்டைத் தொட வேண்டாம் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ட்ரம்பெட்டுங்கறது யாராவது ஆளுங்களா சார்?”

“ஆமாங்க” என்றேன்.