பிடி அரிசிக்குள் ரப்பர் விதை

அம்மாவின் அடக்க ஆராதனையில், மூத்த மகன் என்ற முறையில் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். எழுந்தேன். பொறுமை மிக்கவர், ஜெபிக்கிறவர், வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதவர் என்று, எல்லோரும் எல்லாத் தாய்மாரைப் பற்றியும் சொல்வதைச் சொல்லிவிட்டு அமர்ந்தேன். வகுப்பறையில் நின்று பேசியே இருபது ஆண்டுகளாகப் பிழைக்கிறவனுக்கு அதற்கு மேல் வாய் எழவில்லை. சொல்ல நினைத்திருந்தது ஒரு பால்மா டின்னைப் பற்றிய செய்தி. சவப்பெட்டியின் அருகில் நின்று சொல்லத் தக்கதன்று என்று விட்டுவிட்டேன். விட்டது நல்லதாயிற்று, அன்று சொல்லியிருந்தால் தவறாகச் சொல்லியிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான பத்துக் காம்பரா லயத்தின் கடைசி அறை எங்களுடையது. தோட்டத்தில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். பதினைந்து குடும்பங்கள் மட்டும், தகரக் கூரை போட்ட ஒரு சிறு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். அந்தப் பதினைந்து வீட்டிலும் அடுப்புக்கு மேலே ஒரு பழைய பால்மா டின் இருந்தது. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே, அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த டின்னில் போட வேண்டும். அது பிடி அரிசி. ஆண்டுக்கு ஒருமுறை நன்றிப் பண்டிகை ஞாயிறன்று எல்லா டின்களையும் கோயிலுக்குக் கொண்டுவந்து, பீடத்தின் முன் விரித்த பாயில் கொட்டுவார்கள். பிறகு அது கடைவீதியில் விற்கப்பட்டு ஊழியத்துக்குப் போகும். டின்னுக்குள் விழுந்த அரிசி வீட்டுக்குச் சொந்தமல்ல. பசித்தவன் வீட்டிலேயே இருந்தாலும் அதைத் தொடலாகாது என்பார் கோயிலை நடத்திய உபதேசியார்.

அந்த ஆண்டு பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. நாங்கள் உறங்கும் அதே காம்பராவில் பிறந்தவர். சபையின் உதவியில் வேதம் படித்து, அமெரிக்காவுக்குப் போய், தெற்கேயுள்ள நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே வந்து பழம் பறிக்கும் குடும்பங்களிடையே மிஷனரியாக இருந்தார். அவர்கள் பேசுவது ஸ்பானிய மொழி. சித்தப்பா அதையும் கற்றுக்கொண்டிருந்தார். ஐந்து ஆண்டுக்குப் பின் மூன்று வார விடுமுறை. அவர் பெட்டியில் எங்களுக்கு என்ன இருக்கும் என்று லயமே பந்தயம் கட்டியது. இருந்தவை ஒரு கம்பளிச் சட்டையும் சில புகைப்படங்களும்.

வந்த மறுநாளே கோயிலில் அவரைப் பேசச் சொன்னார்கள். புகைப்படங்கள் கைமாறி வந்தன. நீளமான ஒரு கட்டடம், வரிசையாகக் கதவுகள், முற்றத்தில் ஒரே ஒரு குழாய், அதைச் சுற்றி வாளிகள்.

பக்கத்துக் காம்பராப் பெரியம்மா படத்தைத் தலைகீழாகவும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அமெரிக்காவுல லயமா? என்னா தம்பி கத விடுறீங்க?"

"லயந்தான் அக்கா. ஒரு காம்பராவுல எட்டுப் பேரு."

"கங்காணி?"

"இருக்கான். பிந்திப் போனா பேரு வெட்டிருவான், அன்னைக்குக் கூலி போச்சு."

"அதுக்கு ஏன் அம்புட்டுத் தூரம் பிளேன்ல போனீங்க? நம்ம கங்காணிகிட்டயே வெட்டு வாங்கியிருக்கலாமே!"

கோயில் என்றும் பாராமல் எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். பிறகு, அந்தச் சனத்துக்கு அந்த நாட்டில் இருக்கக் காகிதம் இல்லை, ஒரு வண்டி வந்து நின்றால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒளிவார்கள் என்றார். சிரிப்பு அடங்கியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த நாட்டின் குடியுரிமைக் காகிதம் இல்லை.

"ஆனா ஒண்ணு சொல்றேன். அவங்களப் போல மனசுள்ள சனத்த நான் பாத்ததில்ல. குளிர்காலத்துல வேல கெடையாது. ஆனாலும் எந்த வீட்டுக்குப் போனாலும் சோளமாவுல ரொட்டி தட்டி, மொதல்ல எனக்குத்தான் வைப்பாங்க. அஞ்சு வருசத்துல ஒரு வேள நான் பசியோட திரும்புனதில்ல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் நன்றாகப் பார்த்தேன். அந்த ஆண்டுப் பிடி அரிசி விற்கும் பணம் அத்தனையும் அந்தக் குடும்பங்களுக்கே என்று அன்றே தீர்மானித்தார்கள். ஒரு பிடியை மட்டும் தானே கையில் கொண்டுபோய், 'உங்களைக் காணாத ஒரு சனம் தன் உலையிலிருந்து உங்களுக்காக எடுத்து வைத்தது' என்று காட்டப்போவதாகச் சித்தப்பா சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மாவும் துடைத்தாள்.

அதற்கு ஒரு வாரம் முன்பே மழை பிடித்திருந்தது. ரப்பர் மரத்தின் பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் சிரட்டையில் விழாமல் மரமெல்லாம் வழிந்து ஓடும். வெட்டு இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாத நாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கின. அப்பா காலையில் எழுந்து மரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் படுத்துக்கொள்வார். எங்களுக்கு அவித்த பலாக்காய், மறுநாள் மரவள்ளி, அதற்கு மறுநாள் ஈரப்பலாக்காய். சித்தப்பாவின் தட்டில் மட்டும் ஒவ்வொரு வேளையும் வெள்ளைச் சோறு.

"நீங்களும் உக்காருங்க அண்ணி."

"நாங்க அப்பவே சாப்பிட்டோம் தம்பி. நீங்க சாப்பிடுங்க."

அவர் நம்பினார். ஊழியக்காரனுக்கும் விருந்தாளிக்கும் கிழங்கு வைப்பது எங்கள் லயத்தில் கேள்விப்படாத அவமானம். ஆகவே அந்தச் சோறு எனக்கு வியப்பாகத் தெரியவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் தோன்றவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது.

பிடி அரிசி டின்னில் நான் கை வைத்திருந்தேன். மூன்று முறை, முறைக்கு மூன்று பிடி. வேகவைக்காமல் அப்படியே மென்று தின்றேன். கண்டுவிட்ட தங்கைக்கும் ஒரு வாய் கொடுத்து அவளைக் கூட்டாளியாக்கினேன். அளவு குறைந்தது தெரியக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு முறையும் டின்னைக் கவிழ்த்து, அடியில் மூன்று பிடி ரப்பர் விதையைப் போட்டு, மேலே அரிசியை நிரப்பினேன். காய் வெடிக்கும் காலத்தில் பொறுக்கிய விதைகள் ஒரு மாச்சாக்கு நிறையக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. புள்ளி போட்ட, வழுவழுப்பான விதைகள்; எங்கள் விளையாட்டுச் செல்வம் அதுதான். அவ்வளவு நேர்த்தியாகத் திருடியதில் எனக்குச் சிறிது கர்வமும் இருந்தது.

ஒரு நாள் சாக்கை இழுத்துப் பார்த்தேன். பாதியாகிவிட்டிருந்தது. ஐந்து வயதுத் தங்கையைத் தவிர வேறு யாரைச் சந்தேகிப்பது? "நான் எடுக்கல" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறைந்தேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள அடிக்காதடா! கொட்ட தானே, காடு பூராக் கெடக்கு. வேற பொறுக்கிக்க."

ஏசவில்லை, கெஞ்சுவதுபோல் இருந்தது. அம்மா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

நன்றிப் பண்டிகை ஞாயிறும் மழையோடுதான் விடிந்தது. பீடத்தின் முன் புதுப்பாய். சித்தப்பா வெள்ளை அங்கியில் பாயின் ஓரத்தில் முழந்தாளிட்டார். ஒவ்வொரு குடும்பமாகப் போய் டின்னை அவர் கையில் கொடுக்க, அவர் அதைப் பாயில் கொட்டிவிட்டு ஆசீர்வாதம் சொன்னார். எங்கள் டின்னின் அடியில் ஒன்பது பிடி விதை. சபையின் முன்னால் அம்மா கடவுளின் வீட்டுத் திருடனைப் பெற்றவளாக நிற்கப்போகிறாள். வழக்கம்போல் எல்லோரும் ஒருசேரப் பாயில் கொட்டுவார்கள், குவியலில் யார் வீட்டு விதை என்று தெரியாமல் போகும் என்று நான் போட்டிருந்த கணக்கில், சித்தப்பா தாமே ஒவ்வொன்றாகக் கொட்டுவார் என்பது இல்லை.

எங்கள் முறை வந்தது. அம்மா டின்னைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் அங்கேயே நின்றாள். சித்தப்பா கவிழ்த்தார். இரண்டு கைப்பிடி அரிசி விழுந்தது. அதன் பின் விதைகள். சலசலவென்று, நிற்காமல், பாயைத் தாண்டிச் சிமெந்துத் தரையில் உருண்டு, பீடத்தின் படி வரை ஓடின. ஒரு டின் நிறைய விதை.

ஞாயிறு பள்ளியில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் பெருகிய கதையைப் படித்தவன் நான். என் பாவத்தையும் ஆண்டவர் அவ்வாறே பெருக்கிவிட்டார் என்று முழுமனதாக நம்பினேன்.

கூரையில் மழை மட்டும். பின்வரிசையில் யாரோ மெல்லச் சொன்னார்: "பாலு தொரைக்கு, கொட்ட சாமிக்கு." ஒருவர் சிரித்து, பாதியில் நிறுத்தினார்.

உபதேசியார் கேட்டார்: "இது யாரு செஞ்ச வேலம்மா?"

நான் எழவில்லை. அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"நான்தாங்க எடுத்தேன்."

"எதுக்கு?"

உபதேசியார் இரண்டாம் முறையும் கேட்டார். அவள் கூரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சித்தப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

சித்தப்பாதான் அவளைப் பார்த்தார். வெறும் டின் அவர் கையிலேயே இருந்தது. மிகத் தாழ்ந்த குரலில், "எந்த நாள்ல இருந்து அண்ணி?" என்றார்.

"அத விடுங்க தம்பி."

அவர் டின்னைக் கீழே வைத்தார். எழுந்து, பக்கக் கதவு வழியாக மழைக்குள் போனார். மற்றவர்கள் திகைத்து நிற்க, நான் சன்னலருகே ஓடினேன். கோயிலின் பின்புறம், ரப்பர் மரம் ஒன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையின் விரலைத் தொண்டைக்குள் விட்டு அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளை அங்கி நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வயிற்றில் ஒன்றும் மிஞ்சாத பிறகும் அவர் விடவில்லை. ஒரு பெரிய மனிதர் தன்னைத் தானே அப்படி வதைத்துக்கொள்வதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் திருட்டைக் கண்ட அருவருப்பு என்று எடுத்துக்கொண்டேன். "பித்தம். வெளிநாட்டுத் தண்ணி குடிச்ச ஒடம்பு" என்றார் பெரியம்மா.

அன்று மத்தியானம் சித்தப்பா அடுப்படியில் எங்களோடு தரையில் உட்கார்ந்து பலாக்காய் சாப்பிட்டார். அக்கம்பக்கத்தார் இரக்கப்பட்டுக் கொடுத்த அரிசியில் அம்மா வடித்த சோற்றைத் தங்கையின் தட்டில் தள்ளிவிட்டார். மிச்சமிருந்த நான்கு நாளும் அப்படியே. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு அப்பாவிடம், "என் கையால ஆக்குன சோத்த தொடவே மாட்டேங்கிறாரு" என்று சொல்லி அழுதாள். போகும்போது சித்தப்பா பாயிலிருந்து எடுத்த ஒரு பிடி அரிசியைக் கைக்குட்டையில் முடிந்திருந்தார். அதற்குள் இரண்டு மூன்று விதைகளும் கிடந்தன. எடுத்துப் போட நான் கை நீட்டினேன். "இருக்கட்டும்" என்றார்.

அவர் திரும்பி வரவேயில்லை. அந்தக் குடும்பங்களோடேயே இருந்து, அங்கேயே இறந்தார். இடையில் அப்பாவுக்கு எழுதிய ஒரு கடிதத்தை நான் உரக்க வாசித்தது நினைவிருக்கிறது. 'இங்கே எந்த வீட்டில் தட்டு வைத்தாலும், பிள்ளைகளின் தட்டைப் பார்த்த பிறகே கைவைக்கிறேன். முதல் ஐந்து ஆண்டு பார்க்கவில்லை' என்று அதில் இருந்தது. அம்மா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு அந்த வரி வெறும் நல்லொழுக்கமாகத் தோன்றியது.

நான் படித்தேன், பட்டம் பெற்றேன், தலை நரைத்தேன். அம்மா எனக்காகச் சபையின் முன் பொய் சொன்னாள், என் திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்பதே என் வாழ்வின் இரகசியமாக இருந்தது. அதைத்தான் அடக்க ஆராதனையில் சொல்ல எண்ணினேன்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த தங்கை சிரித்தபடி சொன்னாள்: "ரப்பர் கொட்டைக்காக என்னைய ஓங்கி அறைஞ்சியே, ஞாபகம் இருக்கா அண்ணா? சத்தியமாச் சொல்றேன், ஒரு கொட்டையையும் நான் எடுக்கல."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் போட்டவை ஒன்பது பிடி. கொட்டியது ஒரு டின். பாதியான சாக்கு. வேளை தவறாத வெள்ளைச் சோறு. விதையை அடியில் போட்டு மறைக்கும் வழியை டின்னுக்குள் நான்தான் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். கண்டும் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. சித்தப்பா அந்த மரத்தடியில் வெளியே எடுக்க முயன்றது எங்கள் வீட்டுச் சோற்றை மட்டுமல்ல, ஐந்து ஆண்டு தின்ற ரொட்டியையும்தான் என்பதும், அவர் எதிரே இருந்தபோது உபதேசியாருக்கு அவளால் ஏன் காரணம் சொல்ல முடியவில்லை என்பதும் சன்னலருகே நின்ற அந்தப் பையனுக்குத் தெரியாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்மாவின் பொய்க்கு நான் நன்றியோடு இருந்தேன். அவள் பொய் சொல்லவில்லை.