பொட்டு வைத்த சவுண்ட் கார்டு

விஜயதசமி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். நான் அலமாரியில் கற்பூரப் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் அண்ணன் மட்டும் தனியாக இருந்தார்.

அந்தக் கூடத்தின் மூலையில்தான் மகளின் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. வேலை போன பிறகு, செகந்திராபாத்தில் உடைசல் கடை கடையாக ஏறி இறங்கி அவளே சேர்த்துக் கட்டியது. அதில் அவள் மிடி என்ற முறையில் இசை அமைப்பாள். மிடி என்றால் ஒலிப்பதிவு என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்த வாத்தியம் என்ற குறிப்பு மட்டுமே அந்தக் கோப்பில் இருக்கும். வாசிப்பது சவுண்ட் கார்டின் வேலை. சாதாரணப் பழைய கார்டில் வயலின் கொசுவாகத்தான் வரும். அந்தக் கார்டின் மேல், நிஜ வாத்தியங்களின் ஒலியைச் சேமித்து வைத்திருக்கும் உள்ளங்கையளவுப் பலகை ஒன்றைச் செருகிவிட்டால் அதே கோப்பு வேறு பிறவி எடுத்துவிடும். அந்தப் பலகையை இப்போது யாரும் செய்வதில்லை. வெளிநாட்டில் யாரோ ஒரு சேகரிப்பாளரிடம் கெஞ்சி வாங்கினாள். அது பொருந்திய அன்று அவள் போட்டுக் காட்டிய இசையைக் கேட்டு நானும் மனைவியும் இன்னொரு முறை போடச் சொன்னோம்.

கொண்டாப்பூரில் ஒரு சின்ன நிறுவனம் பழைய பாணியில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைச் செய்கிறது. அதற்கு இசையும் பழைய மெஷினிலிருந்தே வரவேண்டும் என்பது அவர்களுடைய பிடிவாதம். மகள் பதிவுசெய்து அனுப்பியது அவர்களுக்குப் பிடித்தது. ஆனால் நம்பவில்லை. இன்றைய மென்பொருளில் செய்துவிட்டுப் பழைய கார்டு என்று ஏமாற்றுகிறவர்களை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்களாம். தசராவுக்கு அல்வாலில் தன் மாமனார் வீட்டுக்கு வரும்போது, பதினொரு மணிக்கு ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து நேரில் கேட்பதாக அவர்களுடைய இசைப் பொறுப்பாளர் சொல்லியிருந்தார். கண் முன்னால் மெஷின் வாசித்தால் வேலை அவளுக்கு.

அண்ணன் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுதபூஜை அன்று அங்கே கார்டுகளை ராக்கிலிருந்து உருவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார்கள். வியாழக்கிழமை மாலை எங்கள் வீட்டிலும் அதைத்தான் கேட்டார்.

“ஏட்டி, ஆயுதத்தப் பொட்டிக்குள்ள பூட்டிவச்சா பூச பண்ணுவாவ? வெளிய எடு.”

“ரொம்ப டெலிகேட் பெரியப்பா. வேண்டாம், நக்கோ.”

“நக்கோவாம்லா! ராடார் கார்டுக்கே பொட்டு வச்சவன்ட்ட சொல்லுதா. சோலி இல்லாம வீட்ல கெடக்கவளுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்.”

மகள் பலகையைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் தன் விரலாலேயே அதற்குப் பொட்டு வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் குளித்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்கவேண்டும். அதனால்தான் அவள் குளிக்கப் போயிருந்தாள்.

பத்தரைக்கு ராகு காலம். நல்ல நேரம் போகிறதே என்று அண்ணன் பொறுக்காமல் பலகையை எடுத்து மாட்டி, ஸ்விட்சையும் போட்டுவிட்டார். செருகும் ஊசிகளில் முதலாவது எந்தப் பக்கம் என்று காட்டும் வெள்ளைக் குறி, அவர் வைத்த குங்குமத்துக்கு அடியில் மறைந்திருந்தது. பலகை ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தது. போகக்கூடாத இடத்துக்கு மின்சாரம் போனது. ‘டப்’ என்ற சத்தம் அடுப்படி வரை கேட்டது. இப்போதும் கூடத்தில் யாராவது ஸ்விட்ச் போட்டால் என் உடம்பு தூக்கிப்போடுகிறது.

மகள் தலையைத் துவட்டாமல் ஓடிவந்தாள். பலகையைத் திருப்பிப் பார்த்தாள். சிப்பின் முதுகு வெடித்திருந்தது.

“ஒரு வரிசை தள்ளி மாட்டிருக்கீங்க, பெரியப்பா.”

“எனக்கே பாடம் எடுக்கியாட்டீ? பொருளே சொத்த. பழசு வாங்கினா இப்படித்தான்.” என் பக்கம் திரும்பினார். “ஏல, அந்தப் பொட்டியக் காட்டிலும் உம் மவ வாய்தான்டே நல்லா வாசிக்கு.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மகள் அழவில்லை. பெங்களூரிலும் புனேயிலும் இருக்கும் பழைய மெஷின் பிரியர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். ஒருவரிடம் அப்படிப் பலகை இருந்தது. பண்டிகை முடிந்து அனுப்புகிறேன் என்றார். பதினொரு மணி ஆனது. வரவேண்டியவர் வரவில்லை. நேரமாகும் என்று செய்தி மட்டும் வந்தது. அவர் வந்துவிடக்கூடாது என்றும், வராமல் போய்விடக்கூடாது என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டு நான் பால்கனியில் நின்றேன். அண்ணன் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, சோபாவில் தூங்கி எழுந்து, வடை இருக்கிறதா என்று கேட்டார்.

இருட்டும் நேரத்தில் இசைப் பொறுப்பாளர் வந்தார். பட்டு ஜிப்பா, கையில் ஜம்மி என்கிற வன்னி இலைகள். இங்கே தசரா மாலையில் அந்த இலையைத் தங்கம் என்று சொல்லிப் பெரியவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். வயதில் மூத்தவர் என்று முதலில் அண்ணன் கையில் வைத்து, காலைத் தொட்டு வணங்கினார்.

மகள் நடந்ததைச் சொல்லி, கருகிய பலகையைக் காட்டினாள். பிறகு வெறும் கார்டிலேயே தன் இசையைப் போட்டாள். கொசு பாடியது. அவர் பாதியில் கை காட்டி நிறுத்தச் சொன்னார்.

“காலை வரைக்கும் இது வேலை செய்ததா?” என்று தெலுங்கில் கேட்டார்.

“செய்தது. நான் என் காதால் கேட்டேன்” என்றேன்.

“நீங்கள் அப்பா. வேறு எப்படிச் சொல்வீர்கள்?” அண்ணனிடம் திரும்பினார். “நீங்கள் எலக்ட்ரானிக்ஸ்காரர் என்கிறார்கள். நீங்கள் கேட்டிருக்கிறீர்களா, சார்?”

அண்ணன் விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கேட்டதில்லை” என்றார்.

அது உண்மைதான். மகள் போட்டுக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டபோதெல்லாம் அவர் வந்ததில்லை.

வந்தவர் எழுந்தார். கருகிய பலகையை மேஜையில் மெதுவாக வைத்தார். கோபப்படவில்லை. கையில் மிச்சமிருந்த ஜம்மி இலையை என் மகளிடம் நீட்டியபடி சொன்னார்:

“மென்பொருளில் செய்தேன் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம், அம்மா. செத்த போர்டுக்குப் பொட்டு வைத்துக் காட்டும் அளவுக்குப் போயிருக்கவேண்டாம்.”